நேற்றைய பச்சை

பெரம்பலூர்
4 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

போன் செய்தால் எடுக்க மாட்டாய். வாட்ஸ்அப்பில் என்னைப் பூட்டி வைத்திருக்கிறாய். ஆனால் உங்கள் ஊர்த் தபால்காரரைப் பூட்ட உன்னால் முடியாது. பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல்முறையாகக் காகிதத்தில் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நல்ல செய்தி ஒன்று. கொளஞ்சி மாமா வேலை செய்யும் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து நமக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. 'நமக்கு' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. நீதான் நாம் நடத்திய கம்ப்யூட்டர் கடையை விட்டுப் போய்விட்டாயே, 'எனக்கு' என்று திருத்திப் படித்துக்கொள்.

வேலை இதுதான். மதியம் வெடி வைப்பதற்கு முன் குவாரியின் நான்கு திசையிலும் நான்கு காவல்காரர்கள் நின்று, ஆள், ஆடு, மாடு எதுவும் உள்ளே இல்லை என்று பார்க்கிறார்கள். வடக்கே நிற்பவர் மாமா என்று அவர் மனைவிக்கே நான் சொல்ல வேண்டியதில்லை. இனி அவர்கள் போனில் ஒரு பொத்தான் இருக்கும். தன் பக்கம் காலி என்றால் அழுத்த வேண்டும். வெடி அறைச் சுவரில் இருக்கும் பெரிய திரையில் அந்தத் திசை சிவப்பிலிருந்து பச்சையாகும். நான்கும் பச்சையானால் வெடி அறையில் உட்காரும் உத்திராபதி அண்ணன் வெடியைத் தட்டலாம். முடிந்ததும் அவர் 'வெடி முடிந்தது' என்று அழுத்துவார், நான்கும் மறுபடி சிவப்பாகிவிடும். காவல்காரர்களும் 'இடத்தை விட்டேன்' என்று அழுத்திவிட்டுக் கிளம்பலாம். மேனேஜர் அதற்குப் பலகை என்று பெயர் வைத்துவிட்டார்.

டேட்டாபேஸுக்கு எஸ்க்யூலைட் போதும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு ஃபைல். நிறுவ வேண்டாம், பராமரிக்க வேண்டாம், காப்பி எடுத்தால் பேக்கப். நீ இருந்தால் போஸ்ட்கிரெஸ் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றிருப்பாய். நீ இல்லை.

வெங்காய மண்டி முதலாளி முன்னால் உன்னைப் பற்றி நான் அப்படிச் சொன்னது தவறுதான் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக இத்தனை மாதம் பேசாமல் இருப்பதா?

தம்பி,
அறிவரசன்


அரியலூர்
9 ஆகஸ்ட் 2025

அறிவு,

'வைத்துக்கொள்வோம்' என்று மன்னிப்புக் கேட்பவனை உலகத்திலேயே உன் ஒருவனைத்தான் பார்க்கிறேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. "எங்க அக்காவுக்கு மெட்ராஸ் பழக்கம், எலி புடிக்கிறதுக்கும் யானை வேணும்பா" என்றாய். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். ஏழு வருடம் சென்னையில் டேட்டாபேஸ் வேலையைத் தவிர வேறொன்றும் பார்க்காதவள் நான். அந்த ஏழு வருடத்தையும் நீ ஒரு யானையில் ஏற்றி அனுப்பிவிட்டாய். இங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் சொன்னதைக் கேட்கிறார்கள்.

பூட்டைத் திறக்க மாட்டேன். போனில் பேசினால் பாதியில் குறுக்கே விழுவாய். எழுதினால் முழுதும் படித்துத்தான் ஆகவேண்டும்.

படி. எஸ்க்யூலைட் கெட்டதில்லை. ஒரு கை எழுதுகிற இடத்தில் அது தங்கம். ஆனால் அந்த ஃபைலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுதலாம், மற்றவர்கள் வாசலில் நிற்க வேண்டும். கொஞ்ச நேரம் நிற்பார்கள், முடியாவிட்டால் எழுதாமல் திரும்பிவிடுவார்கள். போஸ்ட்கிரெஸ் அப்படியில்லை. தனியாக உட்கார்ந்து வருகிற அத்தனை பேருக்கும் இடம் ஒதுக்கும். நான்கு வரியை மாற்றச் சொன்னால் நான்கையும் மாற்றும், இல்லாவிட்டால் ஒன்றையும் தொடாது. எஸ்க்யூலைட்டிலும் இப்படிச் சொல்லி வைக்கலாம். நீ சொல்லி வைக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் மாமாவும் மற்ற மூவரும் கொடி பிடித்த காலத்திலிருந்து ஒரு பந்தயம் வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதி நின்றதும் நான்கு கொடியும் ஒரே மூச்சில் ஏற வேண்டும். பிந்தியவன் அன்று சாயங்காலம் மற்றவர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். வெடித்த பிறகு இரண்டாம் சங்குக்கும் அதே கதைதான். நீ பொத்தான் கொடுத்தாலும் அந்தப் பந்தயம் போகாது. நான்கு விரலும் ஒரே நேரத்தில்தான் விழும்.

ஆளில்லாத நேரம் பார்த்துச் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லாதே. வடக்குப் பக்கம்தான் எங்கள் ஊருக்குப் போகிற தடம். ஆட்டுக்காரர்கள், சீமைக்கருவேலம் வெட்டப் போகிறவர்கள், மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் எல்லோரும் அதில்தான் வருகிறார்கள். நானும் அதில்தான் வருகிறேன்.

சிந்தாமணி


பெரம்பலூர்
14 ஆகஸ்ட் 2025

அக்கா,

நாலே நாலு பேர், ஒரு நாளைக்கு ஒரு வெடி. இதற்குப் போஸ்ட்கிரெஸ்ஸா? இணையத்தில் எவ்வளவோ பேர் எழுதியிருக்கிறார்கள், இந்த அளவு வேலைக்கு எஸ்க்யூலைட் தாராளம் என்று. நான் மட்டும் சொல்லவில்லை.

சோதித்தும் பார்த்துவிட்டேன். கடையில் நான்கு போனை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு, எல்லாம் டக் டக்கென்று பச்சை. எனக்கு இருப்பது இரண்டு கை, இதற்கு மேல் எப்படிச் சோதிப்பது?

கோபப்படாமல் ஒன்றைக் கேள். போஸ்ட்கிரெஸ் நிறுவினால் அதை யார் பார்த்துக்கொள்வது? திடீரென்று நின்றுவிட்டால் யார் எழுப்புவது? முன்பெல்லாம் நீ பக்கத்து நாற்காலியில் இருந்தாய், "அக்கா, பாரு" என்றால் போதும். இப்போது நாற்காலி காலியாக இருக்கிறது. தனி ஆளால் சமாளிக்க முடிகிறதைத்தான் நான் எடுத்துக்கொள்ள முடியும். அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் மேல் கோபம்தான் வருகிறது.

திங்கட்கிழமை முதல் ஓடும். மாமாவுக்குப் பொத்தானைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். "பரவால்ல மச்சான், கொடிய விட இது லேசா இருக்கு" என்றார். வீட்டில் ஒருவராவது என்னைப் பாராட்டினாரே.

அறிவு


அரியலூர்
30 ஆகஸ்ட் 2025

அறிவு,

உன் பலகை வந்து இரண்டு வாரமாக வீட்டில் அந்தப் பேச்சுதான். முதல் வாரம் தினமும் சிவப்புப் பட்டை. 'பதிவாகவில்லை, மறுபடி அழுத்தவும்.' நால்வரில் யாராவது ஒருவருக்குத் தினமும் வந்தது. உன் மாமா, "ஒம் தம்பி பொட்டிய வச்சதுலேர்ந்து தெனமும் எனக்குத்தான்டி டீ செலவு" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மேனேஜர் வெடி தாமதமாகிறது என்று எல்லோரையும் பிடித்துக் கத்தினாராம்.

நான் சொன்னது நடந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பட்டை வந்ததில் நிம்மதியாகத்தான் இருந்தது. எழுத முடியவில்லை என்று அது வாய்விட்டுச் சொல்லிற்று.

இந்த வாரம் ஒரு தடவைகூடப் பட்டை வரவில்லை. உன் மாமாவுக்கு ஒரே குஷி. எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. நீ என்ன செய்தாய்? டேட்டாபேஸை மாற்றினாயா, பட்டையை எடுத்தாயா? இரண்டில் எது என்று ஒரே வரியில் எழுது.

சிந்தாமணி


பெரம்பலூர்
3 செப்டம்பர் 2025

அக்கா,

பட்டையை எடுத்தேன்.

ஒரு வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன். இனி நான் சொல்வதையும் கேள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னை நிற்க வைத்து, "ஒன்ன விட அந்தக் கொடியே தேவலாம்யா" என்றார். உன்னைப் பார்த்து யாரோ மண்டியில் சிரித்ததற்கு நீ கடையை விட்டே போனாய். நான் போகவில்லை, உட்கார்ந்து சரி செய்தேன்.

இப்போது காவல்காரர் அழுத்துவது பதிவாகவில்லை என்றால் உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப முயலும். பெரும்பாலும் பதிந்துவிடுகிறது. மற்ற பொத்தான்களுக்கு ஒரு முறை முயலும், முடியாவிட்டால் சத்தம் போடாமல் விட்டுவிடும். பட்டையைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தவர்கள் இப்போது நிம்மதியாக வேலை பார்க்கிறார்கள். திருமானூர்ப் பக்கம் மணல் லாரிக்காரர் ஒருவரும், இன்னொரு குவாரிக்காரரும் இதேபோல வேண்டும் என்று விசாரித்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் கெட்டதையே பார்க்காதே அக்கா. சில நேரம் ஒன்றும் ஆகாமலும் இருக்கும்.

அறிவு


அரியலூர்
16 செப்டம்பர் 2025

அறிவு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று மதியம் எங்கள் பக்கத்து வீட்டுப் பூங்காவனம் வடக்குத் தடத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சங்கு ஊதியும் இரண்டு ஆடு கருவேலங்காட்டுக்குள் புகுந்துவிட்டன. உன் மாமா பொத்தானை அழுத்தாமல், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளையும் ஆடுகளையும் வெளியே ஓட்ட உள்ளே இறங்கியிருக்கிறார். அவர் அழுத்தாதவரைக்கும் வெடிக்காது அல்லவா, அந்தத் தைரியம்தான்.

வெடித்துவிட்டது.

ஒரு கல் பூங்காவனத்துக்கும் அவருக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. "எம்மா, கல்லுன்னா கல்லு இல்ல, ஆட்டுப்பட்டி அளவுக்கு வந்து வுழுந்துச்சு. கொளஞ்சி அண்ணன் என்னைய இழுத்துத் தள்ளலன்னா நான் இல்ல" என்று அவள் வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ஆடு ஒன்று செத்துவிட்டது. உன் மாமாவுக்குக் கையில் சிராய்ப்பு மட்டும். வீட்டுக்கு வந்து கையைக் கழுவினார். அப்புறம் சொன்னார், "நான் இன்னும் அமுக்கவே இல்லடி. அதுக்குள்ள தட்டிட்டாங்க."

உத்திராபதி அண்ணனைக் கேட்டிருக்கிறார். அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்கிறார். "போர்டுல நாலும் பச்சையா இருந்துச்சுப்பா. வடக்கு எல்லாத்துக்கும் முன்னாடியே பச்சையா இருந்துச்சு. நீதான் முந்திக்கிட்டன்னு நெனச்சேன்."

முன்னாடியே பச்சையாக இருந்தது. இதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கும் இந்நேரம் புரிந்திருக்கும். வெடி முடிந்து இரண்டாம் சங்கு ஊதும்போது உத்திராபதி அண்ணன் நான்கு திசையையும் சிவப்பாக்க அழுத்துகிறார். அதே மூச்சில் நான்கு காவல்காரர்களும் 'இடத்தை விட்டேன்' என்று பந்தயம் போட்டு அழுத்துகிறார்கள். ஒரு ஃபைல், ஐந்து கை. சிவப்பாக்க வேண்டிய நான்கு வரியில் ஒன்று வாசலிலேயே நின்று திரும்பிவிட்டது. நீதான் சத்தம் போடாமல் விட்டுவிடச் சொல்லியிருக்கிறாயே. அதனால் யாருக்கும் தெரியவில்லை. சனிக்கிழமைப் பச்சை திங்கட்கிழமையும் அப்படியே நின்றது. நேற்று உத்திராபதி அண்ணன் பார்த்தது நேற்றைய பச்சை இல்லை அறிவு, அதற்கு முந்தின வெடியின் பச்சை.

அந்தப் பலகையை நிறுத்து. இன்றைக்கே நிறுத்து.

அக்கா


பெரம்பலூர்
19 செப்டம்பர் 2025

அக்கா,

ஃபைலைத் திறந்து பார்த்தேன். நீ சொன்னபடியேதான். சிவப்பாக்கும்போது கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று வரிசையாக ஒவ்வொன்றாக மாற்ற எழுதியிருந்தேன். வடக்கு கடைசி. அதற்குள் காவல்காரர்களின் விரல் விழுந்துவிடுகிறது. அதனால் விட்டுப்போனால் பெரும்பாலும் வடக்குதான் விட்டுப்போகிறது. எத்தனையோ நாள் அப்படி ஆகியிருக்கிறது. மாமா எப்போதும் சரியான நேரத்துக்கு அழுத்திவிடுவதால் யாருக்கும் தெரியாமல் போயிருக்கிறது. இதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிறுத்தச் சொல்கிறாய். முடியாது அக்கா. மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் பூங்காவனம் விஷயம் வெளியே வரும். ஆடு செத்ததையே அவர் யாரிடமும் பேசக்கூடாது என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாராம். மாமாவின் வேலையும் சேர்ந்துதான் போகும்.

போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றிவிடுகிறேன். நீ சொன்னபடி நான்கும் சேர்ந்தே மாறும், இல்லாவிட்டால் ஒன்றும் மாறாது, மாறாவிட்டால் உத்திராபதி அண்ணன் முகத்துக்கு நேரே கத்தும். அடுத்த ஞாயிறு குவாரி லீவு, அன்றைக்கு வைத்துக்கொள்கிறேன். அதுவரை தினமும் சாயங்காலம் நானே ஃபைலைத் திறந்து, வடக்கு பச்சையாகத் தங்கியிருந்தால் கையால் சிவப்பாக்கிவிடுகிறேன். மாமாவைப் பழையபடி மேட்டில் ஏறிக் கொடியும் காட்டச் சொல். கொடியைப் பார்க்காமல் தட்ட வேண்டாம் என்று உத்திராபதி அண்ணனிடம் அவர் தனியாகச் சொல்லி வைக்கட்டும்.

நான் இதுவரை ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிற வேலையை மாற்றியதில்லை. எப்படி என்று எழுது. நீ வந்து உட்கார்ந்தால் இன்னும் நன்றாக இருக்கும். கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

அறிவு


அரியலூர்
22 செப்டம்பர் 2025

தம்பி,

வர முடியாது. நவராத்திரி வாரம், பள்ளியில் விழா வேலை எல்லாம் என் தலையில். கோபத்தால் இல்லை. கோபம் பூங்காவனம் அழுத அன்றைக்கே பயமாக மாறிவிட்டது.

முறையை எழுதுகிறேன். ஞாயிறன்று எல்லோரும் வெளியே இருக்கும்போது பழையதை மூடு. மூடாமல் காப்பி எடுக்காதே. புதியதில் அதே அட்டவணைகளைப் போட்டு, எல்லா வரிகளையும் கொண்டு போ. எடுப்பதற்கு முன் எண்ணு, போட்ட பின் எண்ணு. இரண்டும் ஒன்றாக வரும்வரை எழுந்திருக்காதே. வந்த பிறகுதான் பொத்தான்களைப் புதியதன் பக்கம் திருப்ப வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் கையால் திருத்துகிறேன் என்றாயே, அதை இன்றோடு நிறுத்து. ஓடிக்கொண்டிருக்கிற டேட்டாவில் கைவைப்பது பாம்புப் புற்றில் கைவிடுவதுதான். சென்னையில் அப்படித் திருத்தப் போய் ஒருவன் ஒரு ஆபீஸின் மொத்தக் கணக்கையும் அழித்ததை என் கண்ணால் பார்த்தேன். யார் அழுத்தினார்களோ அவர்கள்தான் மாற்ற வேண்டும், நீ மாற்றினால் அது பொய்ப் பதிவு. கொடி இருக்கிறது, இந்த ஒரு வாரத்துக்கு அது போதும். மாற்றும்போதும் அப்படித்தான். உள்ளது உள்ளபடி கொண்டு போ. போகிற வழியில் ஒழுங்குபடுத்துகிறேன் என்று எதையும் தொடாதே.

இதை நீ ஒழுங்காகச் செய்துவிட்டால் அந்த யானையை மறந்துவிடுகிறேன்.

அக்கா


பெரம்பலூர்
25 செப்டம்பர் 2025

அக்கா,

உன் கடிதத்தைக் கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். தினசரி திருத்துவதை நிறுத்திவிட்டேன். புதிய சர்வரை எடுத்து, போஸ்ட்கிரெஸ்ஸை நிறுவி, மாதிரி டேட்டாவை வைத்து இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தாகிவிட்டது. தெருப் பையன்களுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்து ஐந்து போனில் ஒரே நேரத்தில் அழுத்த வைத்தேன். எத்தனை தடவை செய்தாலும் ஒன்று விடாமல் பதிகிறது. நீ இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஞாயிறு மதியம் மாற்றிவிட்டு நால்வர் போனுக்கும் புதிய இணைப்பை அனுப்பிவிடுவேன். மாமாவை அன்றைக்கே ஒரு முறை அழுத்திப் பார்க்கச் சொல்.

அறிவு


அரியலூர்
27 செப்டம்பர் 2025

தம்பி,

இது திங்கட்கிழமைதான் உன் கைக்கு வரும். பரவாயில்லை, அவசரமான செய்தி ஒன்றும் இல்லை.

நேற்று மேனேஜர், உன் மாமா மேட்டில் ஏறிக் கொடி காட்டுவதைப் பார்த்துவிட்டாராம். "பெறகு போர்டு எதுக்குய்யா வச்சிருக்கு, படம் பாக்கவா?" என்று கத்தியிருக்கிறார். திங்கள் முதல் கொடி கிடையாது, பலகை மட்டும்தான் என்று உத்திராபதி அண்ணனுக்கும் உத்தரவு. உன் மாமா கவலைப்படவே இல்லை. "மச்சான் மாத்திடுறேன்னு சொல்லிட்டான்ல, அப்பறம் என்ன?" என்கிறார்.

அழுத்திப் பார்க்கச் சொன்னாய் அல்லவா, அதற்கு அவர் ஒப்பவில்லை. "சும்மா நேரத்துல அதத் தொட மாட்டேன். காலியா இல்லாதப்ப காலின்னு ஏன் அமுக்கணும்?" என்று கேட்டார். எனக்கும் அது சரியென்று பட்டது. ஞாயிறு முழுக்க அவர் போனை எடுக்கவே போவதில்லை.

திங்கட்கிழமை நாங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் சிறுவாச்சூர் போகிறோம். நவராத்திரித் திங்கள், கோயில் திறந்திருக்கும் நாள். பூங்காவனம் உயிர் பிழைத்ததற்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறாள். திரும்பி வர மதியமாகிவிடும். மெயின் ரோட்டில் இறங்கி வடக்குத் தடத்தில்தான் நடந்து வர வேண்டும். பூங்காவனம், "நான் அந்தப் பக்கம் வர மாட்டேன், சுத்திக்கிட்டே போயிடுறேன்" என்று முரண்டு பிடித்தாள். கூட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி, இரண்டு பொடிசுகள், அந்த வெயிலில் சுற்றிப்போக முடியுமா? உன் மாமாதான் அவளைச் சமாதானம் செய்தார். "நீங்க எல்லாரும் தடத்தத் தாண்டுன பெறகுதான் அதத் தொடுவேன். நான் தொடுற வரைக்கும் வெடி கெடையாது. சங்கு ஊதுனாலும் பதறாதீங்க, நிதானமா நடந்து வாங்க. நானே எதுக்க வந்து கூட்டிட்டுப் போறேன்."

நானும் அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். என் தம்பி எல்லாவற்றையும் மாற்றிவிட்டான், இனி அது பொய் சொல்லாது என்றேன். உன்னைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பிறகுதான் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

உன் பெயருக்கும் ஒரு அர்ச்சனை செய்கிறேன். தடத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்து காலைக் கழுவியதும் உன் பூட்டைத் திறந்து நானே கூப்பிடுகிறேன். போனைப் பக்கத்திலேயே வைத்திரு.

அக்கா


பெரம்பலூர்
28 செப்டம்பர் 2025, ஞாயிறு சாயங்காலம்

அக்கா,

முடிந்தது. உன்னிடமிருந்து பதில் ஒன்றும் வரவில்லை, இன்று தபாலும் கிடையாது. ஆனாலும் இதை உனக்குச் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மதியம் பழையதை மூடினேன். எண்ணினேன். கொண்டு போனேன். மறுபடி எண்ணினேன். ஒரு வரி கூடவில்லை, ஒரு வரி குறையவில்லை. நேற்றைய வெடி வரைக்கும் நடந்த அத்தனையும் உள்ளது உள்ளபடி புதிய வீட்டுக்கு வந்துவிட்டது. வழியில் எதையும் தொடவில்லை. நீ இல்லாமல் நானே செய்தேன் அக்கா. முடித்ததும் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்து, "எப்படி?" என்று வாய்விட்டுக் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்.

நால்வருக்கும் புதிய இணைப்பை அனுப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பலகையைத் திறந்தேன். கிழக்கு சிவப்பு. மேற்கு சிவப்பு. தெற்கு சிவப்பு. வடக்கு மட்டும் பச்சை. ஒரு நிமிடம் திக்கென்றது. பழைய பழக்கத்தில் அதைச் சிவப்பாக்கக் கை போய்விட்டது. பிறகுதான் விளங்கிற்று. அழுத்திப் பார்க்கச் சொல்லி உனக்கு எழுதியிருந்தேனே, நீ சொன்னதும் மாமா முதல் ஆளாக அழுத்தியிருக்கிறார். மற்ற மூவருக்கும் இணைப்பைத் திறக்கவே நேரம் வந்திருக்காது. போன் போட்டுக் கேட்கலாம் என்று எடுத்தேன். வாரத்துக்கு ஒரு நாள் படுத்துத் தூங்குகிற மனிதர், எதற்கு எழுப்ப வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

அதைத் தொடவில்லை. யார் அழுத்தினார்களோ அவர்கள்தான் மாற்ற வேண்டும் என்று சுவரிலிருந்து நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இந்த டேட்டாபேஸ் நல்ல பிடிமானம் உள்ளதுதான். சோதிப்பதற்காக இரண்டு முறை சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். பழைய ஃபைலாக இருந்தால் என்னென்ன ஆகியிருக்குமோ. இது இம்மிகூட அசையவில்லை, மாமாவின் பச்சை இருந்த இடத்திலேயே இருந்தது.

நாளைக்கு வெடி நேரத்தில் நான் கடையில் இருக்க மாட்டேன். குன்னத்தில் புது வேலை ஒன்று, போய்விட்டு வரவே சாயங்காலம் ஆகிவிடும். இனிமேல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அவசியமும் இல்லை. இந்தக் கடிதத்தைப் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிடுகிறேன்.

இத்தனை நாள் கழித்து இன்றைக்குத்தான் எனக்குப் பசிக்கிறது. முட்டை பரோட்டா வாங்கி வந்து பலகை முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ஒரு பச்சையைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது. மாமாவிடம் சொல்.

உன் தம்பி,
அறிவு